கோடு நகர்ந்த இரவுகள்

1964 மார்கழியில் காரைக்குடியும் தனுஷ்கோடியும் ஒரே மாவட்டம். இராமநாதபுரம் மாவட்டம் அன்று அவ்வளவு பெரியது. சிவகங்கை தனியாகப் பிரிந்தது 1985-இல்தான். ‘இராமநாதபுரம் மாவட்டத்தில் பலத்த மழை’ என்று வானொலி சொன்னால், கடல் சூழ்ந்த அந்த மணல்திட்டுக்கும், கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தேவகோட்டை தாண்டித் தொண்டிவரை 60 கிலோமீட்டர் போகவேண்டிய எங்கள் ஊருக்கும் அது ஒரே சேதி. யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அன்று வழியில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டு முகப்பில் பெரிய வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. அப்பச்சி (எங்களில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதைத் திருகி, செய்தி முடிந்து வானிலை அறிக்கை வரும்வரை எங்களைப் பேசவிட மாட்டார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, துறைமுகத்தில் கூண்டு என்ற இரண்டு சேதிக்குமேல் எங்களுக்கு எட்டியதில்லை. ஆனாலும் அந்த ஆண்டு யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பது எங்கள் பக்கம் எல்லாரும் நம்பிய கணக்கு. கார்த்திகை முடிந்துவிட்டது. நெல் காயப்போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 22 இரவு சாரல் வளவுக்குள் அடிக்க ஆரம்பித்தது. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்; பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வளவு என்பது வீட்டின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் சதுரம். நான்கு பக்கமும் தூண் வரிசை, அதன்மேல் சரிந்து இறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். மழை பெய்தால் நான்கு சரிவின் தண்ணீரும் நடுவில் கொட்டும். அண்டா, கிடாரம், குடம் என்று இருப்பதையெல்லாம் வைத்துப் பிடித்ததுபோக மிச்சம் தூம்பு வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருணிக்கும் போகும். இதெல்லாம் எல்லாரும் எழுதியதுதான். யாரும் எழுதாத ஒன்று உண்டு. அந்த வளவு, காற்றின் திசை சொல்லும் கருவியும்கூட.

எங்கள் அப்பத்தா அதைப் படிக்கத் தெரிந்தவர்கள். தெற்குத் தாழ்வாரத் தரை நனைந்தால் காற்று வடக்கிலிருந்து வருகிறது, அது வாடை. மேற்குத் தாழ்வாரம் நனைந்தால் காற்று கிழக்கிலிருந்து, அது கொண்டல். அந்த இரவு தூண் ஓரமாகச் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு, அரிக்கேன் விளக்கை அடிக்கடி தரைக்குத் தாழ்த்தி ஈரம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முன்னிரவில் தெற்குப் பக்கம் நனைந்தது. நடுச்சாமத்துக்கு மேல் மேற்குப் பக்கம் நனைய ஆரம்பித்தது. “வாடை கொண்டலாத் திரும்பிருச்சு. நமக்குத் தெக்கால கடந்து போகுது. இனி விட்டுரும், படுங்க” என்றார்கள். விடியும்போது மழை தூறலாகிவிட்டது. எங்கள் தெருவில் ஓடுகள் சில சரிந்திருந்தன. முருங்கை ஒன்று ஒடிந்திருந்தது. அவ்வளவுதான்.

தெற்கே என்ன கடந்து போனது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அந்தமான் பக்கத்தில் உருவான அந்தப் புயல், இலங்கையின் வடபகுதியைக் குறுக்கே கடந்து அன்றிரவு தனுஷ்கோடிமேல் ஏறியது. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் வண்டி, 110 பயணிகளோடும் 5 ஊழியர்களோடும் தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் அலையில் போனது. பாம்பன் பாலம் சிதைந்தது. மொத்தத்தில் சுமார் 1,800 பேர் இறந்ததாகக் கணக்கு. தந்திக் கம்பிகள் அறுந்துபோனதால் முழுச்சேதி வெளியே வரவே நாட்கள் ஆயின.

அந்த நாட்கள் எங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதை மறக்க முடியாது. கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பச்சி பொங்கலுக்கு முன் புறப்படுவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து போட் மெயிலைப் பிடித்துக் காரைக்குடியில் இறங்குவது எங்கள் நகரத்தார் குடும்பங்களுக்குப் பழகிய பாதை. எந்தத் தேதியில் புறப்படுவது என்று கடிதத்தில் இல்லை. பெரியாத்தா நான்கு நாள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் கொழும்பிலிருந்து தந்தி வந்தது, இன்னும் புறப்படவில்லை என்று. அன்று புயலைப் பற்றிய தகவல் என்றால் இதுதான். புயல் போனபின் வரும். வரும்வரை வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

துறைமுகக் கூண்டுகளில் 11 எண்கள் உண்டு. முதல் எண் என்றால் தொலைவில் புயல் சின்னம். எண் ஏற ஏற ஆபத்து கூடும். 8, 9, 10 பெரும் ஆபத்து. பதினோராவதுக்குப் பொருள் வேறு. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கான கூண்டு அது. பெரியவனானபின் இதைப் படித்தபோது பெரியாத்தாவின் அந்த நான்கு நாட்கள்தான் நினைவுக்கு வந்தன.

இனி 2018-க்கு வருகிறேன்.

இடைப்பட்ட 54 ஆண்டுகளில் வானத்தைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. செயற்கைக்கோள் படம் வந்தது. கடலோரங்களில் ரேடார் வந்தது. சென்னையில் டாப்ளர் ரேடார் 2002-இல் நிறுவப்பட்டது. 2004 முதல் நம் பக்கத்துக் கடல்களில் எழும் புயல்களுக்குப் பெயரும் வந்துவிட்டது. மழைக்காலம் வந்தால் தொலைக்காட்சியில் சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் வருவார், வீட்டில் ஒருவர்போல. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் பள்ளிப் பையை எடுத்துவைத்தார்கள், அல்லது எடுத்துவைக்காமல் இருந்தார்கள். அவருக்குப் பின் பாலச்சந்திரன். இவர்களோடு, ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள் கைபேசியிலேயே ரேடார் படத்தை விளக்கிக்காட்டினார்கள். அப்பச்சியின் ரேடியோ இருந்த முகப்பில் உட்கார்ந்து, வங்கக் கடலின் மேகச் சுழியை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிற ஆளாக நானும் ஆகிவிட்டேன்.

2018 நவம்பர் 11 அன்று அந்தச் சுழிக்குக் கஜா என்று பெயர் வைத்தார்கள். இலங்கை கொடுத்திருந்த பெயர். முதலில் வந்த முன்னறிவிப்பு, கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றது. எங்களுக்கு அது வெகு வடக்கு. அடுத்த இரண்டு நாட்களில் கோடு இறங்கியது: கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே. கடலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வடக்கே நின்ற உயர் அழுத்தம் தள்ளியதில் தென்மேற்காக வர ஆரம்பித்திருந்தது புயல். 15-ஆம் தேதி நாகப்பட்டினம் அருகே என்று தெளிவாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் படம் வரும்போது ஊரில் எல்லாரும் பார்த்தது ஒன்றைத்தான்: கோடு கரையில் எந்த ஊரைத் தொடுகிறது? நாகப்பட்டினம் என்றதும் காரைக்குடியில் பெருமூச்சு விட்டார்கள். நானும்தான் விட்டேன். நாகை எங்கே, நாம் எங்கே!

இந்த நினைப்புக்கு எங்களிடம் ஒரு பழைய வேரும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபின் உள்நாட்டுக்கு வந்தவர்கள் நாங்கள் என்பது நகரத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தரையைவிட இவ்வளவு உயர்த்தி வீடு கட்டியதற்கு அந்தப் பயமே காரணம் என்பார்கள். கடலை விட்டு விலகி வறண்ட பூமிக்கு வந்தாயிற்று. இனிப் புயல் அடுத்தவர் ஊர்ச் சமாசாரம். இப்படி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லார் மனத்திலும் இருந்தது.

இல்லை என்று சொன்னவன் ஒருவன்தான், அவனும் டொரண்டோவில் இருந்தான்.

அவன் என் ஆச்சி மகன். எங்களில் அக்காளை ஆச்சி என்போம். 15-ஆம் தேதி சாயங்காலம் கூப்பிட்டான். அங்கே அப்போது விடிகாலை. “அம்மான், கோட்டைப் பாக்காதீக. கோடு கரையோட நிக்கலை, உள்ள எங்க போகுதுன்னு பாருங்க” என்றான். நான் படத்தை மேற்கே நகர்த்திப் பார்த்தேன். நாகையைத் தொட்ட கோடு புதுக்கோட்டைப் பக்கமாக வந்து, திண்டுக்கல் பக்கம் போய், மலையேறி, கேரளத்தைத் தாண்டி அரபிக் கடலில் இறங்கியது. நடுவில் நாங்கள். அறிக்கையிலும் இருந்தது, கரையைக் கடந்தபின் மேற்கே நகர்ந்து அரபிக் கடலுக்குப் போகும் என்று. அதுவரை யாரும் அந்த வரிக்குப் போகவில்லை.

கோடுகளை நம்பாமலிருக்க அவனுக்கு அந்த ஊர் சொல்லிக்கொடுத்திருந்தது. 2013 டிசம்பர் 21, 22-இல் டொரண்டோவை ஒரு மழை அடித்தது. அந்த மழைக்குத் தமிழில் பெயர் கிடையாது. மார்கழிப் புல்லில் நிற்பதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி என்று நமக்கு ஒரு சொல்லே போதுமானதாக இருந்துவிட்டது. கோடையில் எப்போதாவது விழும் ஆலங்கட்டியோடு நம் பனிக்கட்டிக் கணக்கு முடிந்தது. அவன் சொன்னது இவை எதுவும் இல்லை. உறைமழை என்று வைத்துக்கொள்வோம். விழும்போது அது தண்ணீர்தான். பட்ட இடத்தில் பனிக்கட்டியாகிவிடும்.

எப்படி என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னான். மேலே வெகு உயரத்தில் பனித்துகளாகப் புறப்படுகிறது. வரும் வழியில் நடுவானில் தெற்கிலிருந்து வந்த இளஞ்சூடான காற்று ஓர் அடுக்காகப் படுத்திருக்கிறது. அதில் நுழைந்து உருகி மழைத்துளியாகிறது. தரைக்கு மேலே சில நூறு மீட்டர் மட்டும் சுழியத்துக்குக் கீழே குளிர்ந்த காற்று. அந்தக் கொஞ்ச தூரத்தில் மறுபடி உறைய அவகாசமில்லை. உறைநிலைக்குக் கீழே போய்விட்ட தண்ணீராகவே வந்து விழுகிறது. மரக்கிளையோ கம்பியோ நடைபாதையோ, எதைத் தொட்டாலும் அங்கேயே கண்ணாடியாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு கிளையில் விரற்கடை கனத்துக்குக் கண்ணாடி ஏறினால் கிளை தாங்குமா? இரவு முழுக்கத் தெருவில் மரங்கள் ஒடியும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், வெடிபோல. டொரண்டோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கிறிஸ்துமஸ் கழிந்தும் பல வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. ஸ்கார்பரோவில் நம் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, மின்சாரம் இருக்கும் உறவினர் வீடு தேடிப் போனார்கள். 1998 ஜனவரியில் மொன்றியல் பக்கம் இதைவிடக் கொடுமை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்கோபுரங்கள் பனிக்கட்டிப் பாரத்தில் மடங்கி விழுந்தன.

அவர்களுக்கும் ஒரு கோடு உண்டு. சுழியம் பாகை எங்கே இருக்கிறது என்ற கோடு. கோட்டுக்கு வடக்கே வெறும் பனி பெய்யும்; தள்ளிவிட்டுப் போகலாம். தெற்கே வெறும் மழை, குடை போதும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பட்டையில்தான் உறைமழை. சூடான காற்று கொஞ்சம் வலுத்தால் கோடு சில கிலோமீட்டர் வடக்கே ஏறும். குளிர் வலுத்தால் இறங்கும். மாலையில் பத்திரமான பக்கத்தில் இருந்த வீடு நள்ளிரவில் பட்டைக்குள் வந்துவிடும். “கோடு எங்க வீட்டுக்கு அந்தப் பக்கம்னு நெனச்சுத்தான் அம்மான், நாங்க அன்னிக்கு மெழுகுவத்தி கூட வாங்கி வைக்கலை” என்றான்.

அவன் சொன்ன பிறகு நான் செய்தவை மிகச் சாதாரணம். இரண்டு அண்டாவில் தண்ணீர் பிடித்து வைத்தேன். மின்சாரம் இல்லாவிட்டால் கிணற்று மோட்டாரும் இல்லை. இராட்டினத்தை நாங்கள் கழற்றிப் பல ஆண்டாகிவிட்டது. காரை வேப்பமரத்தடியிலிருந்து எடுத்துத் தெருவில் விட்டேன். வளவுத் தூம்பில் அடைத்திருந்த இலையைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தேன்.

16-ஆம் தேதி நள்ளிரவு 12.30-க்கும் 2.30-க்கும் இடையே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா கரையேறியது. அதிராம்பட்டினத்தில் காற்றின் வேகம் மணிக்கு 111 கிலோமீட்டர் பதிவானது. டொரண்டோவில் அப்போது பிற்பகல். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு அவன் காரைக்கால் ரேடார் படத்தைப் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வளவில் டார்ச்சை வைத்துக்கொண்டு தரை ஈரத்தைப் பார்த்து அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தெற்குத் தாழ்வாரம் நனைகிறது, காற்று வடக்கிலிருந்து என்றேன். மையம் இன்னும் உங்களுக்குக் கிழக்கே என்றான். பொருந்தியது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் நம் இடது கைப் பக்கம் புயலின் மையம் இருக்கும். பூமியின் வடபாதிக்குரிய விதி இது. பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் 1857-இல் எழுதிவைத்தார். அப்பத்தா அவரைக் கேள்விப்பட்டதில்லை.

மின்சாரம் போய் வெகுநேரமாகியிருந்தது. நான்கு மணிக்கு மேல் கைபேசிக் கோபுரமும் போயிற்று. பேச்சின் நடுவே அவன் குரல் அறுந்தது. எங்கள் வீட்டில் பதினோராம் எண் கூண்டு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் என்னிடம் இருந்தது டார்ச்சும் தரையும்தான்.

காற்று ஓலமாக மாறியது. மாடியில் பின்னாளில் போட்டிருந்த தகரக் கூரை முதலில் படபடத்து, பிறகு ஒரே இழுப்பில் போயிற்று. எங்கே போனது என்பது விடிந்தபின்தான் தெரிந்தது, மூன்று வீடு தள்ளி. விடிவதற்குக் கொஞ்சம் முன்பு டார்ச்சை அடித்தபோது கிழக்குத் தாழ்வாரம் நனைந்துகொண்டிருந்தது. அந்தத் தாழ்வாரம் ஐப்பசி கார்த்திகையில் நனைந்து நான் பார்த்ததே இல்லை. வாடைமழையானாலும் கொண்டல் மழையானாலும் அந்தப் பக்கம் தொடாது. மழைக்காலத்தில் நெல் மூட்டை அடுக்குவதும் அரிசி உலர்த்துவதும் அங்கேதான். காற்று மேற்கே திரும்பிவிட்டது. கிழக்கு நோக்கி நின்று முதுகில் காற்றை வாங்கினால் இடது கை வடக்கே நீள்கிறது. மையம் எங்களுக்கு வடக்கே, வெகு கிட்டத்தில் போய்க்கொண்டிருக்கிறது. 1964-இல் தெற்கே போனது. வாடை கொண்டலாகத் திரும்பியது. இப்போது வடக்கே போகிறது. வாடை எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரே வளவில் 54 ஆண்டு இடைவெளியில் இரண்டு தாழ்வாரங்கள் இதைச் சொல்லின.

பிறகு ஒருநாள் வரைபடத்தில் அளந்து பார்த்தேன். காரைக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கஜா கரையேறிய இடத்துக்கும் ஏறக்குறைய அதே 120. கரையைத் தொட்ட புள்ளியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு புயலும் எங்களுக்கு ஒரே தூரம். ஒன்று முருங்கையை ஒடித்துவிட்டுப் போனது. மற்றது தோப்பைச் சாய்த்தது. இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தபிறகு கரையைத் தொடும் புள்ளிமேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது.

விடிந்தபின் தெருவில் கால் வைக்க இடமில்லை. வேம்பும் புங்கையும் வேரோடு விழுந்து கிடந்தன. புதுக்கோட்டைப் பக்கம் போய்வந்தவர்கள் சொன்னதைக் கேட்டபின் எங்கள் சேதத்தைச் சேதம் என்று சொல்லவே கூசியது. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன. பலாவும் வாழையும் மிச்சமில்லை. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் சாய்ந்த தென்னைகள் லட்சக்கணக்கில்; மாநிலத்தில் விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தென்னை வைத்து ஏழெட்டு ஆண்டு காத்திருந்து காய் பார்க்கிற குடியானவனுக்கு அந்த ஓர் இரவு எத்தனை ஆண்டு என்று கணக்குப் போடுங்கள். கம்பம் நட வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்ஊழியர்கள் சேற்றில் நின்று, கிடைத்ததைச் சாப்பிட்டு, பள்ளிக்கூடத் திண்ணைகளில் படுத்து வேலை செய்தார்கள். எங்கள் தெருவுக்கு ஐந்தாம் நாள் வெளிச்சம் வந்தது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கஜா வருவதற்கு முன்பே 80,000-க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். மீன்பிடிப் படகுகள் கரைக்கு வந்திருந்தன. தனுஷ்கோடிப் புயலில் போனது சுமார் 1,800 உயிர் என்றால், அதைவிட நெருக்கமாக மக்கள் வாழும் கரையில் கஜாவில் போனது அதில் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கும் போயிருக்கக் கூடாதுதான். அந்தக் காலத்து மனிதர்களுக்கு எல்லாம் தெரியும் என்று என் வயதுக்காரர்கள் பேசும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. அப்பத்தாவுக்குத் தெரிந்தது, எங்களைத் தாண்டிப் போய்விட்டது என்பது மட்டும். யார்மேல் ஏறியது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ரயிலை நிறுத்தியிருக்க முடியாது. இன்று நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் இரவெல்லாம் விழித்திருந்து மூன்று மணிக்கொரு முறை அறிக்கை எழுதுகிறவர்கள் ரயிலை நிறுத்துகிறார்கள், பேருந்தை நிறுத்துகிறார்கள், கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்பவைக்கிறார்கள். இந்த மாற்றத்துக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது.

அன்றிருந்து இன்று இல்லாமல் போனது வேறு. எங்கள் வீட்டுக்கு மேற்கே உள்ள வீடு பல ஆண்டாகப் பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று பிரிந்துவிட்டார்கள். ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கோ முன்னோர் படைப்புக்கோ வந்து திறப்பார்கள். கஜா போன அன்று காலை அந்த வீட்டுச் சுவர் எங்கள் பக்கம் வியர்க்க ஆரம்பித்தது. ஓடு சரிந்து இலையும் கிளையும் அவர்கள் வளவில் விழுந்து தூம்பை அடைத்துவிட்டன. நான்கு சரிவின் தண்ணீரும் போக வழியில்லாமல் உள்ளே குளமாக நின்றது. கதவு பர்மாத் தேக்கு. பூட்டு ஒரு முழம். சாவி சென்னையில். கோபுரம் செத்துக் கிடந்ததால் கேட்கவும் முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொடர்பு வந்து, பஸ் வந்து, ஆள் வந்து திறந்தபோது சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு ஊறிப் பொரிந்துவிட்டது. மூலையில் இருந்த பழைய பெட்டகத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. அந்த வீட்டுக்காரர் மேல் எனக்குக் குறையில்லை. ஐந்து நாளாகக் கைபேசியில் கஜாவைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாராம். கோடு நகர்ந்த ஒவ்வொரு தடவையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தூம்பைக் குத்திவிட ஆளில்லை, அவ்வளவுதான்.

1964-இல் அந்த வீட்டில் அடுப்பு நான்கு எரிந்தது. மழை என்றால் இளவட்டங்கள் வளவில் இறங்கித் தூம்பைக் குத்துவது யாரும் சொல்லிச் செய்கிற வேலையில்லை. தெருவின் தண்ணீர் ஊருணிக்குப் போகும் வரத்துக்காலை ஐப்பசி பிறக்குமுன் தெருக்காரர்களே வெட்டிவிடுவார்கள். இன்று எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பூட்டு. வரத்துக்கால்மேல் சில இடத்தில் சிமெண்ட் பலகை. சில இடத்தில் கடை. எச்சரிக்கை வந்து சேரும் தூரம் குறைந்துவிட்டது. கை வந்து சேரும் தூரம் கூடிவிட்டது.

கஜாவுக்குப் பிறகு 2020 டிசம்பரில் புரெவி வந்தது. திருகோணமலைப் பக்கம் கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்து, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே மறுபடி கரையேறும் என்றார்கள். இம்முறை நாங்கள் தயாராக இருந்தோம். அதுவோ இராமநாதபுரத்தை நெருங்கியபின் நகராமல் நின்று, நின்ற இடத்திலேயே வலுவிழந்து போயிற்று. எங்களுக்கு மழை மட்டும். வெகு வடக்கே சிதம்பரம் வெள்ளக்காடாகி, நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. கோடு பாம்பனில், வெள்ளம் சிதம்பரத்தில். டொரண்டோக்காரன் அன்றும் கூப்பிட்டான். அங்கே அன்று கோடு அவன் வீட்டுக்குத் தெற்கே இருந்ததாம். மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னான்.

அடுத்த ஐப்பசியிலும் புயல் சின்னம் உருவாகும். அறிக்கை உங்கள் கைபேசிக்கு வரும். கரையைக் கடக்கும் ஊரின் பெயரோடு நிறுத்திவிடாமல், உள்மாவட்டங்களைச் சொல்லும் கடைசிப் பத்திவரை படியுங்கள். வெளியூரில் இருக்கும் பங்காளிகளுக்கு இன்னொரு வேண்டுகோள். செட்டிநாட்டில் உங்கள் வீடு பூட்டிக் கிடந்தால், மழைக்கு முன் ஒரு சாவியைத் தெருவில் குடியிருக்கிற யாரிடமாவது கொடுத்து வையுங்கள். எங்கள் மேற்கு வீட்டுச் சாவி 2018 கார்த்திகையிலிருந்து என் வீட்டு நிலையில், ஆணியில் தொங்குகிறது.